எந்த மேற்கோள் பாணி? முதலில் கேட்டுவிடுங்கள்

ஆய்வேடுகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். அண்மையில் வந்த ஒன்றில், எடுத்தாண்ட சான்றுகளைக் குறிப்பிட முதல் இயலில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருந்தன. மூன்றாம் இயலில் எண்கள். ஐந்தாவதில் அடிக்குறிப்புகள். "படித்த கட்டுரைகளில் எப்படி இருந்ததோ அப்படியே போட்டுவிட்டேன்" என்றார் மாணவர். சமர்ப்பிக்கப் பதினோரு நாள்தான் பாக்கி.

சான்று எங்கிருந்து வந்தது என்று காட்டும் முறைதான் மேற்கோள் பாணி. எது எளிது என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறைய. ஆனால் ஒவ்வொரு பாணிக்குப் பின்னாலும் அந்தத் துறையின் வாசிப்புப் பழக்கம் இருக்கிறது. உளவியலிலும் கல்வியியலிலும் ஒரு முடிவு எவ்வளவு பழையது என்று உடனே தெரிய வேண்டும். ஆகவே ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) பாணியில் பெயரை ஒட்டியே ஆண்டு நிற்கிறது. இலக்கிய ஆய்வாளருக்கு அந்த வரி எந்தப் பக்கத்தில் என்பதுதான் முக்கியம். எம்எல்ஏ (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் பாணி; சட்டமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) பெயருக்குப் பக்கத்தில் பக்க எண்ணை வைத்துவிட்டு, ஆண்டைக் கடைசிப் பட்டியலுக்கு அனுப்பிவிடுகிறது. பழைய கடிதம், கையெழுத்துப் படி, ஆவணக் கட்டு என்று அலைகிற வரலாற்றாசிரியரின் சான்றுகள் ஒரு சின்ன அடைப்புக்குறிக்குள் அடங்காது. சிகாகோ பாணியின் அடிக்குறிப்பு அவருக்குத் தோதானது. மருத்துவத்தில் ஒரே வாக்கியத்துக்கு ஆறேழு கட்டுரைகள் சான்றாக வரும். அத்தனை பெயர்களையும் எழுதினால் வாக்கியம் மூழ்கிவிடும். அங்கே எண்முறை: வாக்கியத்தில் எண் மட்டும், விவரம் கடைசிப் பட்டியலில். மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதிலிருந்து வந்ததால் அதற்கு அந்த ஊரின் பெயர். பொறியியலின் ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கம்) பாணியும் எண்முறைதான், சதுர அடைப்புக்குறியோடு.

ஆனாலும் துறையை வைத்து நீங்களாக ஊகிக்க வேண்டாம். துறையின் ஆய்வேட்டு வழிகாட்டி, நெறியாளர், அனுப்பப்போகும் இதழின் அறிவுறுத்தல் பக்கம் ஆகியவைதான் முடிவு சொல்ல வேண்டும். கேட்கும்போது பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சிகாகோ என்றால் அடிக்குறிப்பு முறையா, ஆசிரியர்–ஆண்டு முறையா? இரண்டும் அதற்குள் உண்டு. ஹார்வர்ட் என்றால் இன்னும் சிக்கல்: அதற்கென்று ஒரே அதிகாரபூர்வக் கையேடு கிடையாது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு வடிவம் வைத்திருக்கும். அவர்களுடைய மாதிரித் தாளையே வாங்கிவிடுங்கள்.

பதிப்பையும் கேளுங்கள். 2019இல் வெளியான ஏபிஏ ஏழாம் பதிப்பில், நூல் பதிப்பிக்கப்பட்ட ஊரைக் குறிப்பிட வேண்டியதில்லை. மூன்று ஆசிரியர்கள் இருந்தாலே, முதல் தடவை குறிப்பிடும்போதிருந்தே முதல் ஆசிரியர் பெயரோடு 'மற்றும் பிறர்' போதும். மூத்த மாணவரின் பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதுபவர்கள் ஆறாம் பதிப்பையே பின்பற்றி மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சான்று விவரங்களைச் சேமித்து மேற்கோளாக்கித் தரும் சொடேரோ, மெண்டலே போன்ற மென்பொருள்கள் உதவும், சரி. தொடக்கத்திலிருந்தே அவற்றின் வழியாக மேற்கோளைச் சேர்த்திருந்தால், பாணியை மாற்றுவது சில நொடி வேலை. ஆனால் உள்ளே போன விவரம் தவறென்றால் வெளியே வருவதும் தவறுதான். குடும்பப் பெயர் இல்லாத ஆசிரியர்களின் பெயரை மென்பொருள் தலைகீழாக்கிவிடக்கூடும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த மாணவரின் துறை வழிகாட்டியில் 'எம்எல்ஏ, ஒன்பதாம் பதிப்பு' என்று ஒரே வரியில் பதில் இருந்தது. அவர் அதைத் திறந்ததே இல்லை. பாணியை மாற்ற இரண்டு நாள் ஆனது. மீதி நாள்களெல்லாம் நூலகத்தில், படிக்கும்போது குறித்துவைக்காத பக்க எண்களைத் தேடியே போயின.