கூரைக்கூடாரத்துக்கு முன் வாங்க வேண்டியவை: லடாக் முகாம் பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்தல்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் கோவையில் உள்ள எங்கள் பணிமனைக்கு நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகள் அடுத்தடுத்து வரத் தொடங்கும். மணாலி–லே சாலை திறந்ததும் கிளம்பி, சர்ச்சு, பாங், சோ மோரிரி எனக் கூடாரம் அடித்துத் தங்கியபடியே லடாக்கைச் சுற்றி வருவது அவற்றின் உரிமையாளர்களில் பெரும்பாலோரின் திட்டம். கையில் கொண்டு வரும் பட்டியலில் வண்டியின் மேல் பொருத்தும் கூரைக்கூடாரம், பக்கவாட்டுப் பந்தல், முன்புற எல்இடி விளக்குப் பட்டை ஆகிய மூன்றும் தவறாமல் இருக்கும். டயரின் காற்றை அளக்கும் கேஜ் அதில் இருந்து நான் பார்த்தது அரிது. வண்டிகளைத் தயார் செய்து அனுப்புவதோடு, கோடையில் சில குழுக்களுடன் உதவி வண்டியும் ஓட்டிச் செல்பவன் என்ற முறையில், எவற்றை முதலில் வாங்க வேண்டும், ஏன் வாங்க வேண்டும் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மணாலியிலிருந்து போகும்போது கீலாங் ஊருக்குச் சற்று முன்னால் உள்ள தாண்டி பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதிய பலகை பல ஆண்டுகளாகப் பயணிகளுக்குப் பழக்கமானது. எரிபொருளைப் பற்றிய அறிவிப்பாகவே எல்லோரும் அதைப் படிக்கிறார்கள்; மெக்கானிக்குக்கும் மருத்துவருக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். இடையில் பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, தங்லங் லா ஆகிய கணவாய்கள் வருகின்றன. தங்லங் லாவின் உயரம் 5,300 மீட்டருக்கும் அதிகம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு மணாலியில் காலையில் புறப்பட்டவர்கள் மாலைக்குள் சர்ச்சுவை அடைந்துவிட முடிகிறது. சாலைக்கு அது நன்மை, உடலுக்கு நன்மை அல்ல. இதைப் பின்னால் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் காற்று. சர்ச்சு ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். அதனால் கோவையில் 32 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) வைத்த டயர், அதே வெப்பநிலையில் அங்கே 37 வரை காட்டும். குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைத்துவிடும் என்றாலும், கூர்மையான கற்கள் நிறைந்த பாதையில் இறுகிப்போன டயர் எளிதில் கிழிபடும். மணாலி–லே சாலையில் உள்ள மோரே சமவெளியில் தார்ச்சாலையை விட்டு இறங்கி மணலில் சிக்கிய வண்டிகளில் பெரும்பாலானவை, காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கியதுமே, யாரும் இழுக்காமல் தாமாக வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். டயர் நீளவாக்கில் படிந்து, சுமை பரவலாகத் தரையில் இறங்குவதே அதற்குக் காரணம். 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் அபாயம் கூடும். காற்றை இறக்கிய டயரோடு தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும் என்பதால், மீண்டும் காற்று நிரப்பும் கம்ப்ரசர் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது. கம்ப்ரசர் வாங்கும்போது நேரடியாக பேட்டரியில் மாட்டக்கூடிய கிளிப் உள்ளதை வாங்குங்கள். லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சிறிய வகை நான்கு பெரிய டயர்களை நிரப்பி முடிப்பதற்குள் சூடாகி நின்றுவிடும், அல்லது ஃபியூஸ் போய்விடும். பஞ்சர் கிட் டயரின் மேற்பரப்பில் விழும் துளைக்குத்தான் உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னி ஒன்றே வழி. பெரிய டயர் மாற்றியவர்கள் ஸ்டெப்னியையும் அதே அளவுக்கு மாற்றினீர்களா, பழைய ஜாக்கி இப்போதைய உயரத்துக்கு எட்டுகிறதா என்பதை வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இழுவை. எனக்கு உண்மையிலேயே அச்சம் தரும் விஷயம் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஓடைப்படுகையில் புதைந்த வண்டியை, வேறொரு குழுவைச் சேர்ந்தவர்கள் மீட்க முயன்றார்கள். இழுக்கும் வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றின் ஒரு நுனியைக் கோத்து, முடுக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். உருண்டை முறிந்து, புதைந்திருந்த வண்டியின் முன்கண்ணாடியைத் துளைத்து, ஓட்டுநர் இருக்கையின் தலைசாய்ப்பில் போய் நின்றது. ஓட்டுநர் அந்த நேரம் கீழே குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார், அதனால் பிழைத்தார். டிரெய்லர் உருண்டை சீரான இழுவைக்காகச் செய்யப்பட்டது. திடீர் வெட்டு இழுப்பைத் தாங்காது. ஆஸ்திரேலியாவில் இதே முறையில் உயிர்கள் போயிருக்கின்றன. கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டுவதற்காகத் தொழிற்சாலையில் வைக்கும் மெல்லிய வளையமும் இதற்கு உதவாது. சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் எடை குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கி முன்னும் பின்னும் இருக்க வேண்டும்.

கயிற்றிலும் வகை உண்டு. பழுதான வண்டியை மெதுவாக இழுத்துச் செல்லும் நீளாத பட்டை வேறு, புதைந்த வண்டியை மீட்க உதவும் நைலான் மீட்புக் கயிறு வேறு. பின்னது 20 முதல் 30 விழுக்காடு வரை நீண்டு, சேமித்த விசையைப் படிப்படியாக விடுவிக்கும். முன்னதை வைத்து முடுக்கி இழுத்தால், ஏதேனும் ஒன்று முறிந்து பறக்கும். கயிறு அறுந்துபோகும் சுமை, இரண்டு வண்டிகளில் இலகுவானதன் மொத்த எடையைப் போல் 2 முதல் 3 மடங்காக இருக்க வேண்டும். அதற்கு மேல் மிகத் தடித்த கயிறு நீளாமல் போய், பயனும் போய்விடும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு ஷாக்கிளுக்குப் பதிலாக நார் ஷாக்கிள் பயன்படுத்தினால், அறுந்தாலும் பறக்கும் எடை குறைவு. கயிற்றின் நடுவே ஈரச் சாக்கையோ கனத்த போர்வையையோ போடுங்கள். கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் எல்லோரையும் விலக்குங்கள். இவ்வளவும் தேவைப்படுவதற்கு முன்பே, ஒரு மண்வெட்டியும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஓர் இணை மீட்புப் பலகையும் பெரும்பாலான சிக்கல்களை முடித்துவிடும் என்பது என் அனுபவம். மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் பொருத்துவதற்கு முன் இவற்றை வாங்கிவிடுங்கள். ஓடைகளைப் பொறுத்தவரை கருவியை விட நேரம்தான் முக்கியம்: பாங்காங் ஏரிக்குச் செல்லும் வழியில் உள்ள பாகல் நாலா போன்றவற்றில் பனி உருகிய நீர் பிற்பகலில் பெருகிவிடும், காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

இனி, யாரும் பட்டியலில் எழுதாத ஒன்று. கையகலத்தில் அடங்கும், பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம். ஒரு ஜூன் மாத இரவில், சர்ச்சுவுக்கு அருகே எங்கள் குழுவில் ஒரு தம்பதியர் குளிர் தாங்காமல் கேஸ் ஹீட்டரைக் கூடாரத்துக்குள் வைத்து, ஜிப்பையும் முழுவதும் மூடிவிட்டார்கள். நள்ளிரவில் கணவருக்குத் தலைவலி, பிறகு வாந்தி. ‘உயரம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நினைத்து, மாத்திரை போட்டுக்கொண்டு, ஹீட்டரை அணைக்காமலேயே மீண்டும் படுத்துவிட்டார். மனைவி தண்ணீர் எடுக்க வெளியே வந்து, நடக்க முடியாமல் தடுமாறி விழுந்த சத்தத்தில்தான் நாங்கள் விழித்தோம். இருவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஆக்ஸிஜன் கொடுத்து, இரவோடு இரவாகக் கீழே கீலாங்குக்கு இறக்கினோம். அவர்கள் நலமாகத் திரும்பினார்கள்.

இந்த இடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், சோர்வு, தள்ளாட்டம் ஆகிய அதன் அறிகுறிகள் அனைத்தும் உயர்மலை நோயின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். ஒரே நாளில் சர்ச்சுவுக்கு ஏறி வந்தவருக்குத் தலை வலித்தால் எவரும் உயரத்தைத்தான் குறை சொல்வார்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இங்கே உதவாது; கார்பன் மோனாக்சைடு ஒட்டிய இரத்தத்தையும் ஆக்ஸிஜன் நிறைந்ததாகவே அது பெரும்பாலும் காட்டும். ஆகவே கேஸ் அடுப்பு, ஹீட்டர், கரி அடுப்பு (அங்கீட்டி) ஆகிய எதையும் கூடாரத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ எரிக்கவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே உறங்கவும் கூடாது. சுழிய வெப்பநிலைக்குக் கீழே தாங்கும் உறக்கப்பையும், வெந்நீர் நிரப்பிய குப்பியும் அந்த ஹீட்டரை விட மலிவு. அலாரம் இவற்றுக்கு மாற்று அல்ல, கூடுதல் காவல். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் திட்டமிட்டால், எந்தத் தலைவலி எதனால் வந்தது என்று குழம்ப வேண்டிய நிலையும் குறையும்.

அடுப்பைப் பற்றி ஒரு சொல். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நீளக் குப்பிகளில் பெரும்பாலும் பியூட்டேன் இருக்கும். அது கடுங்குளிரில் சரியாக ஆவியாகாததால், விடியற்காலையில் அடுப்பு எரியாமல் போகலாம். புரோப்பேன் கலந்த குப்பி தேவை. சர்ச்சுவில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், பருப்பு வேகச் சிறிய குக்கர் இல்லாமல் முடியாது.

கூடுதல் எரிபொருளை உலோக ஜெர்ரிகேனில், முழுவதும் நிரப்பாமல், வண்டிக்கு வெளியே கட்டுங்கள்; உயரத்தில் உள்ளழுத்தம் கூடியிருக்கும் என்பதால் மூடியை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். நிரப்பும்போது கேனைத் தரையில் வைத்தே நிரப்புங்கள். ஃபிரிட்ஜுக்கென இரண்டாவது பேட்டரி வைப்பவர்கள், அதன் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஒயரை இழுத்துவிட்ட வண்டிகள் தீப்பிடிப்பதற்குக் காத்திருப்பவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைச் சுழியத்துக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்தால் அது கெட்டுவிடும். 2 கிலோ ஏபிசி தீயணைப்பான், ஐஎஸ்ஐ முத்திரையுடன், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிற மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த செயற்கைக்கோள் போனையோ செய்திக்கருவியையோ அரசின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

இவை எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, ஆட்களும் அமர்ந்த நிலையில், வண்டியை உள்ளூர் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். நிறுவனம் குறித்திருக்கும் மொத்த எடை வரம்போடு அதை ஒப்பிடுங்கள். கூரையின் வரம்பைத் தனியாகப் பாருங்கள், சில சிறிய வண்டிகளில் அது கூரைக்கூடாரத்தின் எடையை விடக் குறைவு. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தின் வண்டி 140 கிலோ கூடுதலாக இருந்தது. மரத்தால் செய்த சமையல் இழுப்பறையையும், இரண்டாவது ஃபிரிட்ஜையும், கூரையில் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் இறக்கிவிட்டு, குடிநீரை 20 லிட்டர் கேன்களில் பின்னிருக்கையின் அடியில் வைத்தோம். கயிறு, கம்ப்ரசர், தீயணைப்பான், அலாரம் நான்கும் சேர்ந்து 20 கிலோ கூட வரவில்லை. அவற்றில் எதையும் இறக்கவில்லை.