தெருவில் வளரும் பெட்டை நாய்க்குக் கருத்தடை: யார் பொறுப்பு, எப்போது சொல்ல வேண்டும்?

வாசலில் சோறு வைத்த குட்டி ஒரு நாள் நாலைந்து கடுவன்கள் பின்தொடர நடந்து வரும். சரியாக இரண்டு மாதத்தில் யார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலாவது ஆறு குட்டிகள் கண் திறக்காமல் கிடக்கும். அப்போதுதான் "கார்ப்பரேஷனுக்குப் போன் போடுங்க" என்று தெருவே ஒன்றுகூடிப் பேசும். போன் போட வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது.

நாய்களுக்குக் கருத்தடை செய்வதை ஒழுங்குபடுத்துவது 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். 2001-ல் வந்த பழைய விதிகளுக்குப் பதிலாக, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை இவை. எல்லோரும் இதை 'ஏபிசி' (அனிமல் பர்த் கன்ட்ரோல்) என்றே சொல்வார்கள். இந்த வேலை சென்னைக்குப் புதிதல்ல. ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964-லேயே இங்கே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கிவிட்டது. மாநகராட்சி 1996-ல் அதைக் கையில் எடுத்தது.

பொறுப்பை விதிகள் இரண்டாகப் பிரிக்கின்றன. வீட்டு நாய்க்குக் கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் உரிமையாளர் பாடு. தெருநாய்க்கு அவை உள்ளாட்சியின் வேலை: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, எதுவானாலும். தானே செய்யலாம், அல்லது இந்திய விலங்குகள் நல வாரியம் அங்கீகரித்த அமைப்பிடம் ஒப்படைக்கலாம். சோறு வைப்பவரிடம் இதற்குக் காசு கேட்க முடியாது. பெயர் வைத்து, தினமும் பிஸ்கெட் போட்டு, மழைக்கு வராண்டாவில் படுக்க விட்டாலும் அது தெருநாய்தான். "நீங்கதானே வளர்க்கிறீங்க" என்று யாராவது மடக்கினால் இதைச் சொல்லுங்கள்.

சென்னையில் புகார் சொல்லும் தொலைபேசி எண் 1913. மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் எழுதிக் கொடுக்கலாம். தெருப்பெயரோடு நிறுத்தாமல், எந்தக் கடை எதிரே, எத்தனை மணிக்கு அங்கே படுத்திருக்கும், என்ன நிறம் என்பதையும் சொல்லுங்கள். நாய் வண்டி வரும்போது நாய் அங்கே இல்லாமல் திரும்பிப் போவதுதான் அடிக்கடி நடப்பது. சோறு வைப்பவர் அந்த நேரத்தில் கூட நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதட்டலும் ஓட்டமும் இல்லாமல் பிடித்துவிடலாம்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைப் பிடிக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாயையும் குட்டிகள் இரண்டு மாதமாகிப் பால் மறக்கும்வரை விட்டுவிட வேண்டும். மையத்துக்குப் போனதும் நாய்க்கு ஒரு எண் உண்டு, பிடித்த இடமும் பதிவேட்டில் ஏறும். மயக்க மருந்து கொடுத்துக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவார்கள். காதின் ஓரத்தில் சிறு வெட்டு வைப்பார்கள். அந்த வெட்டுள்ள நாயை மறுபடி பிடித்து வயிற்றைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. எடுத்த உறுப்புகளை எண்ணிச் சரிபார்ப்பதும் நடைமுறையில் உண்டு. காகிதத்தில் மட்டும் கருத்தடை நடந்துவிடக் கூடாதே என்பதற்காக!

புண் ஆறியதும் பிடித்த அதே இடத்தில்தான் விட வேண்டும். "கொண்டுபோய் எங்கேயோ விட்டுடுவாங்க" என்ற பயத்தில் போன் போடாமலே இருப்பவர்கள் நிறையப் பேர். வேறு பகுதியில் விடுவதுதான் விதிமீறல். பழகிய நாயை அகற்றினால் அந்த இடம் காலியாக இருக்காது, கருத்தடை ஆகாத வேறொரு நாய் வந்து உட்காரும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், வெறிநோய் உள்ளவை, மூர்க்கமாகக் கடிப்பவை தவிர மற்றவற்றை அதே பகுதியில் விடச் சொன்னது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களுக்கு விலக்கு வைத்தது. அங்கே பிடித்த நாயைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது, காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் நாய் பள்ளி வளாகத்துக்குள் படுக்கிற நாயா, தெருவில் படுக்கிற நாயா என்பது இனி முக்கியம்.

இனி ஹீட், அதாவது பெட்டை நாய் இணைசேரும் பருவம் பற்றி. சட்டத்தைவிட இதில்தான் நாள் தவறிப்போகிறது. பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதன்முறை பருவத்துக்கு வரும், பிறகு சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை. மொத்தம் மூன்று வாரம். முதல் ஒன்பது பத்து நாள் பின்பக்கம் வீங்கி ரத்தம் கசியும், ஆனால் கடுவனை அண்டவிடாது. ரத்தம் வெளிறி வைக்கோல் நிறமாகும்போதுதான் வாலை ஒதுக்கி இணங்கும். "ரத்தம் நின்னாச்சு, ஹீட் முடிஞ்சுது" என்று வீட்டு நாயை அவிழ்த்துவிடுகிறவர்கள் சரியாகக் கருத்தரிக்கும் நாளில்தான் அவிழ்த்துவிடுகிறார்கள். மூன்று வாரமும் கயிற்றோடுதான் வெளியே போக வேண்டும். மொட்டைமாடிகூட நம்பிக்கையான இடமில்லை, பக்கத்து மாடி எட்டிப் போகிற தூரம்தானே.

ஹீட்டில் இருக்கும்போது கருப்பைக்குப் போகும் ரத்த நாளங்கள் புடைத்திருக்கும், அறுவையில் ரத்தப்போக்கு கூடும். அதனால் வீட்டு நாய்க்கு ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து நாள் குறிப்பதே மருத்துவர்களின் வழக்கம். தெருநாய்க்கு அப்படி நாள் பார்க்க முடியாது. கடுவன்கள் சுற்றத் தொடங்கிவிட்டால் அதைப் புகாரிலேயே சொல்லுங்கள், மருத்துவர் முடிவு செய்யட்டும். சினை என்று சந்தேகம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். நம் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்ந்து குளிரில் குட்டி போடும். ஆடி, ஆவணியில் போன் போட்டால் நல்லது.

அறுவைக்குப் பயந்து கருத்தடை ஊசி போட்டு ஹீட்டைத் தள்ளிப்போடுவது வீட்டு நாய் வைத்திருப்போரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஹார்மோன் கருப்பையில் சீழ் கட்ட வழி செய்யும். ஊசி போடாத நாய்க்கும் ஹீட் முடிந்த ஓரிரு மாதத்தில் சீழ் கட்டலாம். தண்ணீர் அதிகம் குடிப்பது, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, பின்பக்கம் நாற்றமடிக்கும் கசிவு, இவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கருப்பையே இல்லாவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இளவயதில் செய்தால் மடிக்கட்டி வாய்ப்பும் குறையும். பிறகு பசி கூடி உடம்பு வைக்கும், சோற்றை ஒரு பிடி குறையுங்கள்.

நாய் திரும்பி வந்ததும் காதில் வெட்டு இருக்கிறதா, தையல் போட்ட இடம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீக்கமோ கசிவோ இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, புகார் சொன்ன இடத்திலேயே தெரிவியுங்கள். ஒரு வாரமாகியும் வரவில்லையென்றால் உங்கள் புகாரின் பதிவு எண்ணும் நாயைப் பிடித்த தேதியும் சொல்லிக் கேளுங்கள். எங்கே பிடித்தோம், எப்போது விட்டோம் என்பதை அவர்கள் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும்.