சைகை மொழி: சொல்லும் பொருளும்

காது கேளாதோர் தமக்குள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த, தனக்கெனச் சொற்களும் இலக்கணமும் கொண்ட மொழியே சைகை மொழி. பெரும்பாலோர் இத்தொடரில் ‘சைகை’யை மட்டும் பிடித்துக்கொண்டு ‘மொழி’யை விட்டுவிடுகிறார்கள். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவது சைகை. அதை மொழி என்று யாரும் சொல்வதில்லை.

‘சைகை’ என்பதைச் ‘செய்கை’யின் திரிபாகக் கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. ‘செய்கை’ என்றே எழுதுவோரும் உண்டு. தெலுங்கில் ‘சைக’ என்ற சொல்லுக்கும் இதே பொருள்தான். கை பேசும் என்பது தமிழுக்குப் புதிதும் அன்று. குறுந்தொகை 58ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெயைக் ‘கையில் ஊமன் கண்ணின் காக்கும்’ என்கிறார்; கை இல்லாத ஊமன் கண்ணால் மட்டுமே காக்கிறான் என்பது பொருள். கை இல்லாததால் வெண்ணெயை எடுத்து வைக்க முடியாது, பேச்சு இல்லாததால் கூவி அழைக்க முடியாது என்பது வழக்கமான உரை. அந்தக் ‘கையில்’ என்ற அடை எனக்கு இன்னொன்றையும் சொல்கிறது: கை இருந்திருந்தால் அதைக் கொண்டே அவன் ஆளை அழைத்திருப்பான். பேசாதவனுக்குக் கை எவ்வளவு பெரிய துணை என்று அறிந்தவர் எழுதிய வரி அது.

இனி ‘மொழி’. 1960இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி, சைகைச் சொல் ஒவ்வொன்றையும் கைவடிவம், இடம், அசைவு எனப் பகுத்துக் காட்டினார். ‘தலை’யில் ஓர் எழுத்து மாறினால் ‘தளை’ ஆவதுபோல, இம்மூன்றில் ஒன்று மாறினாலும் சொல் மாறிவிடும். இந்தியச் சைகை மொழியில் விரலால் மீசையைக் காட்டினால் ஆண். மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் பெண். இந்த மண்ணின் முகங்களைப் பார்த்துப் பிறந்த சொற்கள் இவை. ‘என்ன’, ‘எங்கே’ போன்ற வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்விக்குப் புருவம் உயரும். முகமே இலக்கணத்தில் பாதி என்பதால்தான் ‘கைமொழி’ என்ற சொல் போதாது.

இந்தியச் சைகை மொழி தமிழைக் கையால் எழுதிக் காட்டுவதும் அன்று. சில சொற்கள் ஊருக்கு ஊர் மாறினாலும், மதுரைக்காரரும் டெல்லிக்காரரும் இதில் உரையாட முடியும். இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆங்கிலம் பேசும் நாடுகள். அவற்றின் சைகை மொழிகளோ வேறுவேறு. அமெரிக்கச் சைகை மொழிக்கு நெருங்கிய உறவு பிரெஞ்சுச் சைகை மொழிதான்.

இப்படிப்பட்ட ஒரு மொழியை வகுப்பறையிலிருந்து விரட்டிய வரலாறும் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகைக்குத் தடை வந்தது. ஆனாலும் மொழி சாகவில்லை. விடுதிகளில், விளையாட்டுத் திடல்களில் மூத்த பிள்ளைகளிடமிருந்து இளைய பிள்ளைகளுக்குக் கைமாறி வந்தது. காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். ஆகவே இந்த மொழிக்கும் மரபுக்கும் பள்ளியே தாய்வீடு. ஒருவரின் தழும்பையோ சிரிப்பையோ வைத்துச் சூட்டும் சைகைப் பெயரும், கை தட்டுவதற்குப் பதில் இரு கைகளையும் உயர்த்தி அசைக்கும் பாராட்டும் அந்த மரபைச் சேர்ந்தவை. மிலான் தீர்மானங்களை ஏற்க முடியாது என்று அதே மாநாட்டு அமைப்பு சொல்ல 2010 வரை, 130 ஆண்டுகள் ஆயின.

உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு ரோம் நகரில் தொடங்கிய நாள் 1951 செப்டம்பர் 23. அந்த நாளையே பன்னாட்டுச் சைகை மொழிகள் நாளாக 2017இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. ‘மொழிகள்’ என்று பன்மையில் எழுத வேண்டும், ஏனெனில் உலகம் முழுமைக்கும் ஒரே சைகை மொழி இல்லை. இந்தியாவில் இதற்கென டெல்லியில் 2015இல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஏற்பட்டது. அது 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களை எட்டியது.

தமிழில் எது தக்க சொல்? ‘சமிக்ஞை’ வடமொழி ‘சம்ஞா’வின் வழி வந்தது, போக்குவரத்து விளக்குக்கும் அதே சொல் வழங்குவதால் இங்கே பொருந்தவில்லை. ‘முத்திரை’ நடனத்துக்கு உரியது. ‘ஊமை பாஷை’ அறவே கூடாது. காது கேளாதோரில் பெரும்பாலோருக்குக் குரல்வளையில் குறை எதுவும் இல்லை. எல்லோருக்கும் விளங்கும், அச்சிலும் நிலைத்துவிட்ட ‘சைகை மொழி’யே சரி. நாட்டின் பெயரோடு ‘இந்தியச் சைகை மொழி’ என்றால் இன்னும் துல்லியம். வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். இரண்டு பேர் சைகை மொழியில் உரையாடுவதைச் செய்தியாக்கும்போது ‘சைகை காட்டினர்’ என்று எழுதாமல் ‘சைகை மொழியில் பேசினர்’ என்று எழுதுங்கள்.