சிவப்பு ஒயினுக்கு மண் வாசனை எங்கிருந்து வருகிறது?

சில சிவப்பு ஒயின்களை முகர்ந்தால் ஈர மண், காளான், மக்கிய இலை என்று ஒரு வாசனை வரும். பினோ நுவார், நெப்பியோலோ திராட்சை வகைகளில் செய்த ஒயின்களில், அதுவும் பல வருடங்கள் பாட்டிலில் கிடந்தவற்றில், இது நன்றாகவே தெரியும். கொடி வளர்ந்த மண்ணின் மணம்தான் இது என்று விற்பவர்கள் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேர் உறிஞ்சுவது தண்ணீரையும் அதில் கரைந்த தாது உப்புகளையும்தான். அவற்றுக்கு மணம் கிடையாது.

மழைக்குப் பின் எழும் மண் வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் இந்தப் பொருளுக்கு 1965-இல் பெயர் வைத்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் இருந்தாலே பலரது மூக்கு பிடித்துவிடும். பொட்ரைடிஸ் பூஞ்சையால் அழுகிய திராட்சைக் குலையில் பெனிசிலியம் என்ற இன்னொரு பூஞ்சையும் சேர்ந்து வளர்ந்தால் ஒயினிலும் இது வந்துவிடும். ஒயின் தயாரிப்பவர்களுக்கு இது ரசனை அல்ல, தலைவலி.

நாம் விரும்பும் மண் வாசனை பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. ஒயின் பாட்டிலில் முதிரும்போது புதுப்பழ மணம் மங்கி, டைமெத்தில் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் கூடும். காட்டுத்தரை, ட்ரஃபிள் காளான் என்று சொல்லப்படும் மணத்தில் அவற்றுக்குப் பங்கு உண்டு. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் புகுந்தால் பதனிட்ட தோல், குதிரை லாயம் போன்ற வாடை வரும். துளி இருந்தால் ரசிப்பவர்கள் உண்டு. கூடினால் பழ மணமே அமுங்கிவிடும். அதைப் பாரம்பரியம் என்று சொல்லிச் சமாளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, சுவைப்பது எப்படி? கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி முகருங்கள். ஒரு வாய் விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்னால் இருந்து மணம் மூக்குக்கு ஏறும். நாக்கில் தெரிவதாக நாம் நினைக்கும் மண் சுவை உண்மையில் அங்கேதான் உணரப்படுகிறது. ரொம்பக் குளிர்ந்த ஒயினில் மணம் எழும்பாது, துவர்ப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். சுமார் 16 டிகிரி செல்சியஸ் வசதியானது.

உணவு என்று வந்தால் காளானும் பீட்ரூட்டும் இயல்பாகப் பொருந்தும். பீட்ரூட்டின் மண் வாடைக்குக் காரணமும் ஜியோஸ்மின்தான். ஆனால் மணப் பொருத்தத்தைவிடத் துவர்ப்பைக் கவனிப்பதே முக்கியம் என்பேன். ஒயினில் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துத் திரளவைக்கிறது. வழுவழுப்பு போய் வாய் வறண்டு சொரசொரப்பாகிறது. கொழுப்புள்ள இறைச்சியோ சீஸோ கூட இருந்தால், டானின் அவற்றின் கொழுப்பையும் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்கும். இறைச்சியில் உப்பு இருந்தால் கசப்பும் குறையும். காரம் வேறு விஷயம்: ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

அப்புறம் மீன். சிவப்பு ஒயினோடு சாப்பிட்டால் சில சமயம் கவிச்சி எழும் அல்லவா? அதற்கு முக்கியக் காரணம் ஒயினில் உள்ள இரும்பு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். இரும்பு குறைவாக உள்ள சிவப்பு ஒயின் மீனோடு ஒத்துப்போகலாம். ஆனால் அந்த அளவை லேபிளில் யாரும் அச்சிடுவதில்லை. ஒரு வாய் குடித்துப் பார்ப்பதுதான் வழி.