கம்பளிக்குள் அகப்பட்ட காற்று

கொழும்பு வெள்ளவத்தையில் ஆண்டு முழுவதும் மின்விசிறி சுழலும் வீட்டில் கம்பளிப் போர்வைக்கு என்ன வேலை? எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் ஒன்று வருடக்கணக்காகக் கிடந்தது. தை மாதம் பெரியம்மா நுவரெலியாவில் மகள் வீட்டுக்குப் போகப் புறப்பட்டபோதுதான் அதை இறக்கி, அவர் போர்த்திக்கொள்ள ஒரு மேலங்கி தைத்தோம். அந்த ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீற்றர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குளிரும். அந்தக் கணக்கில் கொழும்பைவிட அங்கே ஏறக்குறைய 12 பாகை குறைவு. தை, மாசி விடியலில் சில நாட்கள் புல்லில் உறைபனிகூடப் படியும்.

முதலில் ஓரத்திலிருந்து இரண்டு இழை பிடுங்கித் தீக்குச்சி காட்டினேன். மயிர் கருகும் நாற்றம் வந்தது. நசுக்கினால் சாம்பல் பொடியாக உதிர்ந்தது. அசல் கம்பளிதான். செயற்கை இழையாக இருந்தால் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகச் சுருண்டிருக்கும்.

கம்பளியிடம் சொந்தச் சூடு எதுவும் கிடையாது. ஐஸ்கட்டியை அதில் சுற்றி வைத்தால் வெளியே கிடக்கும் கட்டியைவிட மெதுவாகவே உருகும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே சுமார் 100 வாற் வெப்பத்தை வெளிவிடுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப்போல. அதைத் தப்பவிடாமல் மறிப்பது பெரும்பாலும் காற்று. செம்மறி மயிர் இயல்பிலேயே நெளிந்து சுருண்டது. ஒன்றோடொன்று படிந்து கிடக்காது. இடையில் உண்டாகும் சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று அசையமுடியாமல் அகப்பட்டுக்கொள்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும்; தண்ணீர் அதைப்போல் சுமார் 25 மடங்கு கடத்தும். நனைந்த பருத்திச் சட்டை நடுங்க வைப்பது அதனால்தான். கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. மலைநாட்டு மூடுபனிக்கு இதைவிட நல்ல துணி எனக்குத் தெரியவில்லை.

வெட்டுமுன் போர்வையை யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தோம். நடுப்பகுதியில், எத்தனையோ பேரின் முழங்காலும் முழங்கையும் உரசிய இடங்களில், வெளிச்சம் சல்லடையில் வருவதுபோல் கசிந்தது. ஓரங்கள் இன்னும் புசுபுசுவென்று இருந்தன. தேய்ந்த இடத்தில் இழை குறைவு, அகப்படும் காற்றும் குறைவு. ஆகவே தடித்த ஓரங்கள் தோளுக்கும் நெஞ்சுக்கும் வரும்படி வெட்டினோம். மெலிந்த நடுப்பகுதி முழங்கைக்குக் கீழே போனது.

தைக்கும்போது பலர் விடுகிற பிழை, அழகுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தையல் போடுவது. ஒவ்வொரு தையலும் துணியை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். தையல் மெஷினில் 16ஆம் இலக்க ஊசி போட்டு, தையலை நீளமாக வைத்து, தேவையான இடத்தில் மட்டும் ஓடவிட்டோம். ஓரத்தை மடிக்காமல், நூல் விளிம்பைச் சுற்றி வரும்படி கையால் கம்பளித் தையல். மடித்துத் தைத்தால் அந்த இடம் தடித்துக் கட்டியாகிவிடும்.

கழுத்துப் பட்டிக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. உடம்பில் சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும். கழுத்து திறந்திருந்தால் புகைபோக்கி வழியே போவதுபோல் போய்விடும், கீழேயிருந்து குளிர்காற்று அந்த இடத்துக்கு ஏறும். எனவே இரண்டு விரல் உயரத்துக்குப் பட்டி வைத்து, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் படியும்படி பொத்தான் போட்டோம். தடித்த மயிர் நுனிகள் தோலைக் குத்தும் என்பதால் பட்டியின் உட்புறத்தில் பெரியம்மாவின் பழைய நூல் சேலைத் துண்டு.

பையில் வைத்தபோது அது அமுங்கிப் பலகைபோல் ஆகிவிட்டது. நெளிந்த மயிர் உதறினால் மறுபடி நிமிர்ந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏற்றும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: “பெரியம்மா, நானுஓயாவில இறங்கின உடன நல்லா உதறிப்போட்டுப் போர்த்துங்கோ.”