அசைவு வினை என்றால் எஸ்ஸெரே என்ற விதி ஏன் போதாது

இத்தாலிய மொழியைத் தமிழ் மாணவர்களுக்குக் கற்பிக்கையில் நான் மிகுதியாகத் திருத்துவது ஒரே வகைப் பிழையைத்தான்: பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ என்னும் இறந்தகால வடிவத்தில், அவேரே (‘உடைத்தாயிரு’ என்னும் வினை) வரவேண்டிய இடத்தில் எஸ்ஸெரே (‘இரு’ என்னும் வினை) துணைவினையாக வந்துவிடுகிறது. இது மாணவரின் கவனக்குறைவு அன்று. அசைவைக் குறிக்கும் வினைகளெல்லாம் எஸ்ஸெரேயை ஏற்கும் என்று தொடக்கத்தில் சொல்லித்தரப்படும் அரைகுறை விதியின் விளைவு.

‘சென்றேன்’ என்பதை ஆண் ‘ஸோனோ அந்தாத்தோ’ என்றும் பெண் ‘ஸோனோ அந்தாத்தா’ என்றும் (ஸோனோ என்பது எஸ்ஸெரேயின் தன்மை வடிவம்) சொல்லும் வரையில் அவ்விதி துணைநிற்கும். ஆனால் நடத்தலைக் குறிக்கும் கம்மினாரே, பயணத்தைக் குறிக்கும் வியஜ்ஜாரே ஆகியவை அவேரேயையே ஏற்கின்றன. தங்கியிருத்தலைக் குறிக்கும் ரிமனேரேயும், விலையைச் சொல்லும் கொஸ்தாரேயும் அசைவே இல்லாமல் எஸ்ஸெரேயை ஏற்கின்றன.

ஆகவே, வாக்கியத்தில் செயப்படுபொருள் உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன், உண்டென்றால் அவேரே. தமிழில் ‘முடித்தேன்’, ‘முடிந்தது’ என்று வினையே வடிவம் மாறும் இடத்தில் இத்தாலியம் துணைவினையை மாற்றிக்கொள்கிறது: புத்தகத்தை முடித்தால் ‘ஓ ஃபினீத்தோ இல் லீப்ரோ’ (ஓ என்பது அவேரேயின் வடிவம்), படம் முடிந்தால் ‘இல் ஃபில்ம் எ ஃபினீத்தோ’ (எ என்பது எஸ்ஸெரேயின் வடிவம்). எல்லா வினைகளிலும் இந்த ஒப்புமை செல்லாது; ‘ஏறினேன்’ என்பது நமக்கு ஒன்றே, அவர்களுக்கோ படிகளை ஏறினால் அவேரே, ரயிலில் ஏறினால் எஸ்ஸெரே. கைகளைக் கழுவிக்கொள்வது போன்ற தற்சுட்டு வினைகளும் விலக்கு. செயப்படுபொருள் இருந்தும் ஒரு பெண் ‘மி ஸோனோ லவாத்தா லே மானி’ என்றே சொல்வார்.

செயப்படுபொருள் இல்லாத வினைகளில்தான் உண்மையான சிக்கல். எழுவாய் ஒரு செயலில் ஈடுபட்டிருந்ததை மட்டும் சொல்லும் உறங்குதல், சிரித்தல், உழைத்தல் ஆகியவற்றுக்கு அவேரே. பிறத்தல், இறத்தல், வந்துசேர்தல் என எழுவாயின் நிலையோ இடமோ மாறிவிட்டதைச் சொல்பவற்றுக்கு எஸ்ஸெரே. பூங்காவில் ஓடியவர் ‘ஓ கொர்ஸோ’ என்பார். அவரே வீட்டுக்கு ஓடிச் சென்றிருந்தால் ‘ஸோனோ கொர்ஸோ ஆ காஸா’ என்பார். ஐயம் எழுந்தால், இறந்தகால எச்சத்தைப் பெயருக்கு அடையாக வைத்துப் பார்க்கலாம்: விழுந்த இலைகளை ‘ஃபோல்யே கதூத்தே’ எனலாம், ஆனால் ‘உறங்கிய குழந்தைகள்’ என்பதை அம்முறையில் சொல்ல இத்தாலியம் இடம் தராது.

மழை பெய்ததைச் சொல்லும்போது இரு துணைவினைகளுமே ஏற்கப்படுவதால், அந்த இடத்தில் மட்டும் நான் சிவப்பு மையைத் தொடுவதில்லை.