சமுதாய நில அறக்கட்டளை

ஆங்கிலத்தில் கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட். நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். அதன்மேல் நிற்கும் வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். மனைக்கு நீண்ட குத்தகை, பெரும்பாலும் 99 ஆண்டு. வீட்டை விற்கலாம், ஆனால் குத்தகைப் பத்திரத்தில் எழுதிய கணக்குப்படிதான் விலை வைக்க வேண்டும். பாழடைந்த பகுதி சீராகி மனை விலை ஏறியதும், அங்கே பாடுபட்டவர்களே வாடகை கட்ட முடியாமல் வெளியேறுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதற்குத்தான் இந்தத் தடுப்பு. நிதி தருபவர்களுக்கும் இதில் நியாயம் கிடைக்கிறது: ஒருமுறை கொடுத்த மானியம் முதல் வீட்டுக்காரரோடு போய்விடாது, அடுத்து வருபவருக்கும் விலை குறைவாகவே இருக்கும்.

இது 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பின உழவர்களுக்காகத் தொடங்கிய ‘நியூ கம்யூனிட்டீஸ்’ அமைப்பிலிருந்து வந்தது. அதைத் தொடங்கியவர்கள் முன்மாதிரியாகப் பார்த்தவற்றுள் வினோபா பாவேயின் கிராமதானமும், அதாவது ஊர் நிலத்தை ஊருக்கே பொதுவாக எழுதிவைப்பதும், ஒன்று. நம் நாட்டு யோசனை கடல் கடந்து நகரத்துக்குப் போயிருக்கிறது.

நகரத்தில் இதன் வலிமையைக் காட்டியது பாஸ்டனின் டட்லி தெரு. காலி மனைகளும் திருட்டுத்தனமாகக் கொட்டிய குப்பையுமாகக் கிடந்த இடம். 1984இல் அங்கே ஓர் அமைப்பு உருவானபோது, முதலில் வரைந்த நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்குச் சில இடங்களே இருந்தன. அவர்கள் கூட்டத்திலேயே எதிர்த்துக் கேட்டுப் பெரும்பான்மை இடங்களைப் பெற்றார்கள். எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் படுவது இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகே நடந்தது. 1988இல் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகம் அவர்களுக்குக் கொடுத்தது. நிலம் வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் தந்தது; மானியமாக அல்ல, திருப்பித் தரவேண்டிய கடனாக.

இனி தமிழ்ச்சொல். ‘சமூக நில அறக்கட்டளை’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் பேச்சுவழக்கில் ‘எந்தச் சமூகம்?’ என்றால் சாதியைத்தான் கேட்கிறார்கள். ஒரு சாதிக்கான அறக்கட்டளை என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. ‘சமுதாயம்’ பொருத்தமாக இருக்கிறது. தஞ்சை, செங்கற்பட்டுப் பகுதிகளின் பழைய நில வழக்கில், ஊர் நிலத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளாமல் பொதுவில் வைத்திருப்பதற்கே ‘சமுதாயம்’ என்று பெயர். அந்தப் பொதுவில் மிராசுதாரர்களுக்கு மட்டுமே பங்கு, உழுதவர்களுக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று சமுதாயக்கூடம், சமுதாயக் கிணறு என்னும்போது அந்த வேலி இல்லை.

‘அறக்கட்டளை’யில் சிக்கல் இல்லை. கோயில்களில் ஒரு கால பூசைக்கென்று நிலம் எழுதிவைப்பதைக் கட்டளை என்றே சொல்லிவருகிறோம். நிலத்தை விற்காமல் அதன் பயனை மட்டும் எடுத்துக்கொள்வது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது.